நிர்வாகிகளின் நீல உறை

மார்ச் 3

மதிப்புக்குரிய முன்னாள் தலைவர் அவர்களுக்கு,

மின் நுகர்வோர் சங்கத்தின் செயற்குழு நேற்று இரண்டு மணி நாற்பது நிமிடம் இடைவேளையின்றி விவாதித்து, மூன்றுக்கு எதிராக நான்கு வாக்குகளில், தலைவரின் நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து பீரோவின் பக்கத்துக்கு நகர்த்துவதெனத் தீர்மானித்திருக்கிறது. இதைத் தங்களுக்கு முறைப்படி அறிவிக்கும் பொறுப்பு செயலாளராகிய எனக்கு அளிக்கப்பட்டுள்ளது. முன்மொழிந்தவர் தையல்காரர். ஜன்னல் வெளிச்சம் காலி நாற்காலியின் மேல் விழுந்து வீணாகிறது என்பது அவர் வாதம். எதிர்த்த மூவரும் காரணம் சொல்லவில்லை. நகர்த்தும்போது நாற்காலியின் ஒரு கால் குட்டை என்று தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் ஒரு பக்கம் சாய்ந்து பேசியது கொள்கையால் அல்ல என்று நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாகியுள்ளது.

இக்கடிதத்தின் நகல் மின் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும் கோப்பில் சேரும். ஆகவே தங்களுக்குத் தெரிந்ததையே எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் ஆணையத்திடம் ஓர் உத்தரவு பெற்றது. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் போன்ற கருவியை நம்பி உயிர் வாழ்பவர்களுக்கு, பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் முன் தகவல் சொல்லியாக வேண்டும். மின் வாரியத்தை நம்ப முடியாது என்று நாம் அடித்துப் பேசியதால், அந்த வீடுகளின் பட்டியலை வைத்திருப்பதும் தொலைபேசியில் தகவல் சொல்வதும் நம்மிடமே ஒப்படைக்கப்பட்டன. இன்று பட்டியலில் 312 வீடுகள்.

கடந்த நவம்பர் 19, வியாழக்கிழமை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அறிவிக்கப்பட்ட பராமரிப்பின்போது, ஆக்சிஜன் இயந்திரம் நின்றுபோய் ஒரு பெண்மணி இறந்தார். அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லப்படவில்லை. அவர் பட்டியலில் இல்லை. அவர் சங்கத் தலைவரின் மனைவி, செயலாளரின் அக்கா.

பட்டியலை நம்மிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று வாரியத்தின் செயற்பொறியாளர் மனுச் செய்திருக்கிறார். விசாரணை ஏப்ரல் 22. அதற்கு முன் தங்கள் எழுத்து வாக்குமூலம் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

(கோப்பில் சேராத துண்டுத்தாள்)

அத்தான், வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. விசாரணை அதிகாரி வந்து மெஷின் மேல் "சாட்சிப் பொருள், நகர்த்தக் கூடாது" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். சும்மா கிடக்கும் மெஷினை மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்ட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை ஓட்டுகிறேன். நாளை ஓட்ட வேண்டும். நீங்கள் மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. ஒரு வரி இல்லை.

*

மார்ச் 11

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் 3ஆம் தேதிக் கடிதம் 9ஆம் தேதி கிடைத்தது.

நாற்காலியின் கால் குட்டை இல்லை. தரை சரிவு. ஜன்னலோரத்தில் எட்டு மில்லிமீட்டர். அளந்திருக்கிறேன். பீரோவின் பக்கம் சரிவு எதிர்த்திசையில் இருக்கிறது. இனி அதில் உட்காருபவர் மறுபக்கம் சாய்வார். குறிப்பைத் திருத்தவும்.

"தகவல் சொல்லப்படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வாரியம் இப்படித்தான் எழுதும். "இணைப்பு துண்டிக்கப்பட்டது", "தாமதம் ஏற்பட்டது." யார் துண்டித்தார், யார் தாமதித்தார் என்று இருக்காது. அப்படி ஒரு வரியைக் கண்டால் சிவப்பு மையால் கோடு போடுங்கள் என்று சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். போட்டிருக்கிறேன். கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இந்த ஊரில் மின்சாரம் போவதில்லை. மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை, நான்கு விநாடி. நான் மட்டும்தான் கவனித்தேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மீட்டர் அறை இருக்கிறது. தினம் காலை அங்கே போய் நிற்கிறேன். நாற்பத்தெட்டு மீட்டர்களும் சரியாக ஓடுகின்றன. மூன்றாம் நாள் காவலாளி மகனிடம் வந்து, "உங்கப்பா எதையாவது தேடுறாரா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மருமகள் நல்ல பெண். எனக்காகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தே வைக்கிறாள். நான் அதைப் பார்ப்பதில்லை என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வாக்குமூலமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். பின்பக்கம் இருக்கும் வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டவும்.

முன்னாள் தலைவர்

*

மார்ச் 19

மதிப்புக்குரிய முன்னாள் தலைவர் அவர்களுக்கு,

சிவப்பு மையிட்ட கடிதம் கிடைத்தது. திருத்தம் ஏற்கப்பட்டது. "அவர் வீட்டுக்குச் செயலாளர் தகவல் சொல்லவில்லை" என்று மாற்றி எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டேன். வேறு பிழைகள் இருப்பின் தெரிவிக்கவும்.

வாக்குமூலமாகச் சொல்லத் தங்களிடம் எதுவும் இல்லை என்பதைச் செயற்குழு கவனத்தில் கொண்டது. அந்தக் குறையைத் துணைத்தலைவர் தீர்த்துவைத்திருக்கிறார். தாங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டியதால் தலையாட்டி என்று தங்களிடம் பெயர் வாங்கியவர், இப்போது யாருக்கு ஆட்டுவது என்று தெரியாமல் கழுத்து வலிக்கு மருந்து தடவிக்கொண்டிருக்கிறார். அவர் தயாரித்த வரைவை இணைத்திருக்கிறேன். ஒரே வாக்கியம்தான். "என் மனைவிக்கான மனுவைச் சங்கத்தில் கொடுக்க நான் மறந்துவிட்டேன்."

இதன் கீழ் தாங்கள் கையெழுத்திட்டால் சங்கத்தின் மேல் பழி இல்லை, பட்டியல் நம்மிடமே இருக்கும் என்பது செயற்குழுவின் கருத்து. இடாவிட்டால் பட்டியல் வாரியத்துக்குப் போகும். வாரியத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். முதலில் பாட்டு, பிறகு எண்ணை அமுக்கு என்பார்கள், அமுக்கினால் மறுபடி பாட்டு. 312 வீடுகள் அந்தப் பாட்டை நம்பியிருக்க வேண்டிவரும்.

சிறு சிக்கல் ஒன்று உண்டு. வரவுப் பதிவேட்டில் அக்டோபர் 12 அன்று, அக்காவின் மனு வந்ததாக என் கையெழுத்தில் இருக்கிறது. தலைமையாசிரியர், அதாவது ஓய்வுபெற்ற பிறகும் நம் எல்லோருக்கும் தலைமையாசிரியராகவே இருப்பவர், அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பதிவேடு தைத்ததா, பின் அடித்ததா என்று மட்டும் கேட்டார். தைத்தது என்றேன். "நல்லா தைச்சிருக்காங்களா?" என்றார். நம் தையல்காரர் தைத்தது என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மனு வந்தும் பெயர் ஏன் பட்டியலில் ஏறவில்லை என்பதும் கோப்பில் இருக்க வேண்டும். சங்க விதி 14: "நிர்வாகிகளின் குடும்பத்தார் தரும் மனுக்கள், மற்ற அனைவரின் மனுக்களும் முடிந்த பிறகே எடுத்துக்கொள்ளப்படும்." எழுதியவர் தாங்கள். அத்தகைய மனுக்களைப் போட்டுவைக்க "நிர்வாகிகள்" என்று எழுதிய நீல உறை ஒன்று உண்டு. மற்ற அனைவரின் மனுக்களும் முடிந்த நாள் என்று ஒன்று சங்கத்தின் வரலாற்றில் இன்னும் வரவில்லை. உறையில் இப்போது மூன்று மனுக்கள் இருக்கின்றன. தையல்காரரின் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற மனுவுக்கு ஆறு வயது. தலைமையாசிரியரின் தெருவிளக்கு மனுவுக்கு நான்கு. மூன்றாவது அக்காவுடையது.

இப்படிக்கு,
செயலாளர்

(கோப்பில் சேராதது)

வரைவில் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். சொன்னதைச் செய்வது எனக்குப் பழகிவிட்டது. வடிகட்டியை அலசினேன். காய ஒன்றரை நாள் ஆயிற்று.

*

மார்ச் 30

செயலாளருக்கு,

வரைவைப் படித்தேன். வாரியத்தில் இருபத்தாறு வருடம் மீட்டர் ஆய்வாளராக இருந்தவன் நான். மழையில் நனைந்து மை கரைந்துபோன அட்டைகளை, மனதிலிருந்தே திரும்ப எழுதியிருக்கிறேன். நான் மறந்தேன் என்றால் செயற்பொறியாளர் சிரிப்பார். எனக்குக் கீழே வேலை பழகியவர் அவர்.

விதி 14 எப்படி வந்தது என்று கோப்பில் இல்லை. சேர்த்துக்கொள். அப்போதிருந்த பெரிய அதிகாரியின் மாமியார் வீட்டுக்கு மூன்று நாளில் இணைப்புக் கொடுத்தோம். கம்பம் நட்டதும் நான், கம்பி இழுக்க வைத்ததும் நான். அதே கம்பத்துக்குப் பின்னால் இருந்த தெரு மூன்று வருடம் காத்திருந்தது. அந்தத் தெருக்காரர்கள் என்னைத் திட்டவில்லை. போகும்போதும் வரும்போதும் தண்ணீர் கொடுத்தார்கள். சங்கம் தொடங்கியபோது நான் எழுதிய முதல் விதி அதுதான். வரிசையில் பதினான்காவதாக வந்தது, அவ்வளவுதான்.

எழுதிய அன்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். உன் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்போ எனக்கு ஏதாவது வேணும்னா உங்களை விவாகரத்து பண்ணிட்டுத்தான் வரணுமா?" என்றாள். விதிப்படி அப்படித்தான் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12 அன்று அவள் மனுவை நானே கொண்டுவந்து உன் மேசையில் வைத்தேன். உன் கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் சிபாரிசு ஆகிவிடும். நீ எடுத்துப் படித்தாய். டாக்டர் சீட்டைப் பார்த்தாய். முத்திரை குத்தினாய். எழுந்து போய் நீல உறையில் போட்டாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அதை வரிசையில் மேலே வைத்திருந்தால், அன்று மாலையே உன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நீ வைத்திருக்கலாம்.

வரைவில் கையெழுத்துப் போடுவதா என்று முடிவு செய்யவில்லை. மகன் போடச் சொல்கிறான். "பழியை ஏத்துக்கிட்டா பிரச்சினை முடிஞ்சிடும்ல, அப்பா?" என்றான். அவன் வங்கியில் வேலை பார்க்கிறான். பேத்தி நான் யார் என்று பள்ளியில் சொல்ல வேண்டுமாம். மருமகள் ஓய்வுபெற்றவர் என்று எழுதிக்கொடுத்தாள்.

ஏப்ரல் 1 வியாழக்கிழமை. மெஷின் இருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டு.

*

ஏப்ரல் 6

அத்தான்,

இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை. கார்பன் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நகல் இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை, கை லேசாக இருக்கிறது.

அக்டோபர் 12ஐ எழுதிவிட்டீர்கள். நவம்பர் 18ஐ எழுதவில்லை. நானும் இதுவரை எழுதவில்லை. விசாரணை அதிகாரி அதைக் கேட்கவே இல்லை, அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

18 புதன்கிழமை, மூன்றரை மணி இருக்கும். மறுநாளைய பராமரிப்புக்கான தாள் வாரியத்திலிருந்து வந்தது. அதில் தெருப்பெயர் இருக்காது, டிரான்ஸ்பார்மர் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணில் நம் பட்டியலில் எட்டு வீடுகள். வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் எதிரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தீர்கள். முதல் வீட்டில், "நாளைக்கு ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இருக்காதுங்க, பதினேழாம் நம்பர் டிரான்ஸ்பார்மர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமலே, "பதினேழு இல்ல, பதினேழு ஏ. பதினேழு ஆஸ்பத்திரிப் பக்கம்" என்றீர்கள். ஆமாம், பதினேழு ஏ என்று அவர்களிடம் மாற்றிச் சொன்னேன். பிறகு மற்ற ஏழு வீடுகளுக்கும் அதையே சரியாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் தலையை அசைத்தீர்கள். எட்டாவது முடிந்ததும் "முடிஞ்சுதா?" என்றீர்கள். முடிந்தது என்றேன். தேநீர் வந்தது, குடித்தோம்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற டிரான்ஸ்பார்மரில் மஞ்சள் பெயிண்டில் அந்த எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நான் அதன் நிழலில்தான் ஸ்கூட்டரை நிறுத்துவேன். அக்கா ஜன்னலிலிருந்து, "அதுக்கடியில நிறுத்தாதேடி, வெடிச்சா வண்டி போயிடும்" என்பாள். வெடித்தால் உன் வீட்டுக்காரர் மனுப் போடுவார் என்பேன் நான்.

அவள் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. போலீஸ்காரர் கொடுத்தபோது நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை, நான் வாங்கினேன். அன்றாடம் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். 19ஆம் தேதி 11.26க்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது. சங்கத்தின் எண்ணுக்கு. வேலை நேரத்தில் உங்கள் போன் இழுப்பறையில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எங்கேஜ். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் என்றைக்கும் அப்படித்தான். இன்னொரு தடவை பண்ணிப் பார்த்தால் என்ன என்று முன்பு ஒருமுறை சண்டை போட்டேன். "எங்கேஜா இருந்தா நம்மளைவிடக் கஷ்டத்துல இருக்கிறவங்க யாரோ பேசிட்டிருக்காங்கன்னு அர்த்தம்" என்றாள்.

11.10லிருந்து 11.40 வரை பேசிக்கொண்டிருந்தது நான். அழைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நான்கு தெரு தள்ளி இருக்கும் உறுப்பினர் ஒருவர். அவர் வீட்டில் மின்சாரம் இருந்தது. ஒன்பது முதல் ஐந்து வரை என்று வாரியம் போட்டால் ஐந்து மணி அதில் சேர்த்தியா, இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி என்று சொன்னேன். விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வாசித்து விளக்கினேன். நன்றி சொன்னார்.

உறையைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மேலே வைத்திருக்கலாம்.

போன வியாழக்கிழமை, உங்கள் கடிதம் வரும் முன்பே, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்டினேன். பத்து நிமிடம்.

*

ஏப்ரல் 14

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருமகள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வாக்குமூலத்தை ஆணையத்துக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். தலையாட்டியின் வரைவைப் பயன்படுத்தவில்லை. மனு அக்டோபர் 12 அன்று கொடுக்கப்பட்டது என்று முதலில் எழுதிவிட்டேன், பிறகு அடித்துவிட்டு, நான் கொடுத்தேன் என்று எழுதினேன். விதி 14ஐ நான் எழுதினேன். செயலாளர் அதைப் பின்பற்றினார். நவம்பர் 18 மாலை செயலாளர் எண்ணைத் தவறாகச் சொன்னார், நான் திருத்தினேன். திருத்தும்போது அது என் வீட்டின் எண் என்று எனக்குத் தெரியும், நினைவுக்கு வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று ஆணையம் புரிந்துகொள்ளுமா என்று தெரியவில்லை. உன் தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுதவில்லை. அது அவர்களுக்குத் தேவையில்லை.

பட்டியல் போய்விடும். 312 வீடுகளுக்கும் பாட்டுத்தான். செயற்குழு என்னை மன்னிக்காது. தலையாட்டி மட்டும் தலையாட்டுவார்.

இனி எழுதுவது வாக்குமூலத்தில் இல்லாதது.

வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டு தொங்கும், உனக்குத் தெரியும். மின்சாரம் போனால் நேரம், வந்தால் நேரம். கல்யாணமான இரண்டாம் வாரமே அவளுக்கு அதைப் பழக்கினேன். "புலம்பாதே, எழுது. எழுதினால் ஆதாரம்" என்றேன். அவள் எழுதிய நோட்டுகளை வைத்துத்தான் ஆணையத்தில் இரண்டு வழக்கு ஜெயித்தோம். அவளுக்குச் சங்கத்தில் நன்றித் தீர்மானம் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். நிர்வாகியின் குடும்பம், கூடாது என்று நான் தடுத்தேன்.

19ஆம் தேதி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 5.40. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அவள் கட்டிலில் இருந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தொட்டும் பார்த்தேன். நோட்டு அவள் மடியில் இருந்தது. "போனது 9.02" என்று எழுதியிருந்தாள். தெளிவான கையெழுத்து. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அதன் பக்கத்தில் "வந்தது" கட்டம் காலி.

சுவர் ஓரத்து மின்கடிகாரம் மின்சாரம் போய் வந்தால் பூஜ்யத்திலிருந்து ஓடும். அது 0.47 காட்டியது. 5.40லிருந்து 47 நிமிடத்தைக் கழித்தேன். நோட்டை எடுத்து, பேனாவை எடுத்து, "வந்தது 4.53" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

அறிவித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே கொடுத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பேத்தி என்னைக் "கரண்டுத் தாத்தா" என்று பள்ளியில் சொல்லிவிட்டாளாம். மருமகள் வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்றேன். அந்த நான்கு விநாடிக்குப் பிறகு இங்கே இன்னும் மின்சாரம் போகவில்லை.

*

ஜூன் 1

அத்தான்,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஏழு நாளில் பதில் எழுத வேண்டும் என்பதும் நீங்கள் எழுதிய விதிதான். அதை மீறியதைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 22 விசாரணைக்கு நாங்கள் நால்வர் போனோம். உங்கள் வாக்குமூலத்தை ஆணையத்தின் உறுப்பினர் அம்மா வாய்விட்டே வாசித்தார். பதினேழு ஏ என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். அடித்த இடத்தையும் வாசித்தார். தலையாட்டி கடைசிவரை ஒரு முறைகூடத் தலையாட்டவில்லை. செயற்பொறியாளர் சிரிக்கவில்லை. வாரியம் எப்படித் தகவல் சொல்லும் என்று அந்த அம்மா கேட்டபோது, கணினி சொல்லிவிடும் என்றார். கணினி யாரையாவது விட்டுவிடுமா என்று கேட்டார். பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும், அதற்கு யார் வீடு என்பதெல்லாம் தெரியாது என்றார். பிறகு வெளியே வராந்தாவில் செயற்பொறியாளர் என்னிடம் வந்து நின்று, "சார் எப்படியிருக்காரும்மா?" என்றார். நன்றாக இருக்கிறார், மீட்டர் அறைக்குப் போய் நிற்கிறார் என்றேன். புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

உத்தரவு மே 10 அன்று வந்தது. மே 24 முதல் பட்டியல் வாரியத்துக்கு.

உத்தரவு வந்த மறுநாளே செயற்குழு கூடியது. விதி 14ஐ நீக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானம். நான்கு நிமிடம் ஆயிற்று. நாற்காலியை ஜன்னலோரத்துக்கே திருப்பிக் கொண்டுபோவது பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். பீரோவின் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபக்கம்தான் சாய்கிறது, நீங்கள் சொன்னது சரி. தலையாட்டி இப்போது நின்றுகொண்டே பேசுகிறார்.

விதி போனதால் நீல உறையைப் பிரிக்க வேண்டும், உள்ளே இருப்பதை அன்றே முடிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். பிரித்தேன். தையல்காரரின் மனு வாரியத்துக்குப் போனது, ஒரே வாரத்தில் மீட்டரை மாற்றிவிட்டார்கள். தெருவிளக்கும் எரிகிறது. அக்காவின் மனுவை எடுத்துப் பார்த்தேன். படிவம் முழுமையாக இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தது, கையெழுத்து இருந்தது. நிராகரிக்க விதியில் இடமில்லை. பட்டியலில் ஏற்றினேன். 313.

பெயரை நீக்கலாமே என்று தையல்காரர் மெதுவாகச் சொன்னார். நீக்கும் படிவத்தை எடுத்துக் காட்டினேன். நீங்கள் வடிவமைத்தது. காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: குணமடைந்தார், வீடு மாறினார். இந்த மூன்று வருடத்தில் நாற்பது குடும்பங்கள் வந்து இதில் குறியிட்டுப் போயிருக்கின்றன. எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர் குணமடைந்திருக்கிறார்கள். முப்பத்து நான்கு பேர் வீடு மாறியிருக்கிறார்கள். யாரும் ஏன் இப்படி என்று கேட்கவில்லை. நான் எதிலும் குறியிடவில்லை. படிவத்தைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மே 24 அன்று பட்டியலை நானே கொண்டுபோய் வாரிய அலுவலகத்தில் கொடுத்தேன். ஒரு பெண் எண்ணிப் பார்த்து ஒப்புகை கொடுத்தாள். சங்கத்தின் தொலைபேசி இப்போது அதிகம் அடிப்பதில்லை. யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் வராது.

நோட்டை நான் பார்த்திருக்கிறேன், அத்தான். அன்று இரவே பார்த்தேன். அவள் கையெழுத்து, பக்கத்திலேயே உங்கள் கையெழுத்து. விசாரணை அதிகாரி வருவதற்கு முன் எடுத்து என் வீட்டில் வைத்துவிட்டேன். ஆதாரத்தை எடுத்த முதல் தடவை அது. திரும்பக் கொடுக்கட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா என்று எழுதவும்.

மெஷினை என்ன செய்வது என்று ஆணையத்தின் உத்தரவில் ஒரு வரியும் இல்லை. ஆகவே ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது.

நேற்றுக் காலை 10.04க்கு அக்காவின் போன் என் கைப்பையில் அடித்தது. பதிவு செய்த பெண் குரல். முதலில் பாட்டு இல்லை. அக்காவின் பெயரை முழுதாக, சரியாகச் சொன்னது. பதினேழு ஏ டிரான்ஸ்பார்மரில் ஜூன் 3, வியாழக்கிழமை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது, மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும் என்றது. கேட்டதை உறுதிப்படுத்த எண் ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன்.

இந்த மாதம் மெஷினை வெள்ளிக்கிழமை ஓட்டுகிறேன்.